மூன்று திருகாணிகள்

"விலகிக்கிறேன்னு சொல்லிட்டியா இல்லையா?" அடுப்படி வாசலில் நின்று மாமியார் மறுபடியும் கேட்டார்.

"சாயங்காலத்துக்குள்ள சொல்லிடறேன் அத்தை," என்றாள் மருமகள், தட்டுகளைக் கழுவிக்கொண்டே.

"சட்டுபுட்டுன்னு சொல்லு கண்ணு. கூடத்துல எல்லாரும் அவனுக்குக் கைகுடுத்துட்டு இருக்காங்க. நீ இன்னும் இழுத்தடிச்சா நல்லாவா இருக்கும்?"

மாமியார் கெட்டவர் அல்ல. மருமகளுக்குக் காய்ச்சல் என்றால் கண் மூடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். ஆனால் பெண்டாட்டி டாக்டர் பட்டம் வாங்க, புருஷன் வெறும் இன்ஜினியராக நிற்பது என்பது, சட்டையைப் புரட்டிப் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பது மாதிரி அவருக்கு.

கணவனும் மனைவியும் ஒரே வகுப்பில் பொருள் வடிவமைப்பு படித்தவர்கள். ஒரு பொருள் பிறப்பதிலிருந்து குப்பைக்குப் போவது வரை அதன் முழு ஆயுளையும் கணக்கில் எடுத்து, பழுதுபார்த்துப் பழுதுபார்த்து நெடுநாள் உழைக்கும்படி செய்வது எப்படி என்ற ஆராய்ச்சிக்கு இருவருமே விண்ணப்பித்தார்கள். பல்கலைக்கழகத்தில் இருந்தது ஒரே இடம். அது அவளுக்குக் கிடைத்தது. அவள் விலகினால் அடுத்தது அவன்.

அவன் வாய்விட்டுக் கேட்கவில்லை. சரியாகச் சாப்பிடாமல் வளைய வந்தான். பொறுக்க முடியாமல், மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது அவளேதான் சொன்னாள்: "நீ போடா. நான் அப்புறம் பாத்துக்கறேன்." தனியாக இருக்கும்போது அவன் அவளுக்கு 'டா'தான், கல்லூரி நாளிலிருந்து வந்த பழக்கம். நாலு பேர் முன்னால் மட்டும் 'என்னங்க'. அன்று அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். அந்த அழுகைக்காக அவள் எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுத்திருப்பாள்.

கூடத்திலிருந்து சித்தியின் குரல் கேட்டது. "அப்படி என்னத்தடா படிக்கப் போறே? எங்க மண்டைக்கும் ஏறற மாதிரி சொல்லு."

அவன் உற்சாகமாக மின்சாரக் கெட்டிலைத் தூக்கிவந்தான். நேர்முகத் தேர்வில் காட்டுவதற்காக, விரலைச் சுட்டுக்கொண்டு, செய்து பிரித்து மறுபடி செய்து அவள் உருவாக்கியது அது.

"கடைல வாங்கறது அடியில பசை போட்டு ஒட்டியிருக்கும் சித்தி. உள்ள ஒரு சின்ன ஸ்விட்ச் போனாலும் மொத்தத்தையும் தூக்கிக் கடாச வேண்டியதுதான். இதுல பசையே கிடையாது. மூணே ஸ்குரூ. கழட்டிட்டு, கெட்டதை மட்டும் மாத்திக்கலாம்."

"அடேயப்பா! என் முழங்காலுக்கும் இதே மாதிரி ஒண்ணு பண்ணிக் குடேன்," என்றார் சித்தப்பா. கூடமே சிரித்தது. அடுப்படியில் அவளும் சிரித்தாள்.

"இதை நீயே கண்டுபிடிச்சியாடா?"

அவள் குழாயை மூடினாள். அவன் அவள் பெயரைச் சொல்வது தண்ணீர்ச் சத்தத்தில் தவறிவிடக் கூடாதே என்ற ஆசை.

"ஆமா சித்தி," என்றான் அவன்.

கைதட்டினார்கள். ஆனால் கழற்றிக் காட்டியதைத் திரும்பப் பூட்டும்போது அடிப்பாகம் பிடிகொடுக்கவில்லை. எந்தத் திருகாணி முதலில் என்று அவனுக்குத் தெரியவில்லை. பழக்கதோஷத்தில், திரும்பிக்கூடப் பார்க்காமல், கெட்டிலை அடுப்படிப் பக்கமாக நீட்டினான். "இதைக் கொஞ்சம் மாட்டிக் குடேன்."

ஈரக் கையோடு வந்து வாங்கி, அவள் அதை அப்படியே மேசையில் வைத்தாள்.

"நீ கேக்காமலே இடத்தைக் குடுத்தேனேடா," என்றாள். "இது ஒண்ணையாவது எனக்குன்னு விட்டிருக்கக் கூடாதா?"

அவன் காது மடல் சிவந்தது. இப்போதுகூட அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அவள் அவன் முகத்தையே பார்த்தாள். அவன் குனிந்து, விழாத திருகாணியைத் தரையில் தேடினான்.

"என்னது!" மாமியார் நெஞ்சில் கை வைத்தார். "அத்தனை பேர் முன்னால புருஷனை டா போட்டுப் பேசறியா?"

"நல்லாத்தான் வளத்திருக்காங்க," என்றாள் சித்தி. சித்தப்பா உச்சுக்கொட்டினார். கெட்டிலைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர்கள் காதில் விழுந்தது அந்த ஓர் எழுத்துதான்.

"தப்புதான் அத்தை," என்றாள் அவள். "இனிமே இவரை அப்படிக் கூப்பிட மாட்டேன்."

மாமியார் முகம் தெளிந்தது. அவன் மட்டும் திடுக்கிட்டு நிமிர்ந்தான். அதற்குள் அவள் கைபேசியில் பல்கலைக்கழகப் பேராசிரியையின் எண்ணை அழுத்தியிருந்தாள்.

"மேடம், நான் வந்து சேர்ந்துக்கறேன். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

கூடத்தில் எழுந்த கூச்சலை அவள் காதில் வாங்காமல் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். அவன் பின்னாலேயே வந்து, கதவைச் சாத்திவிட்டு, தாழ்ந்த குரலில், "ஏய்... கோவமா?" என்றான்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றாள் அவள். "உங்க மேல தண்ணி தெறிக்கும்."

அங்கே அவர்கள் இருவரைத் தவிர வேறு யாருமில்லை.