கண்ணாடியில் அழகாயிருந்த கையுறை

வார நாளில் நான் பல் மருத்துவன். விடுமுறையில், ஐரோப்பிய இடைக்காலப் போர்களை விளையாட்டாக நடத்தும் குழுவில் கவசம் மாட்டிய போர்வீரன். முதல் வேலையில் மட்டும்தான் என்னைக் கண்டு எதிரில் இருப்பவர் நடுங்குகிறார்.

மருத்துவமனை வரவேற்பறையில் உட்காருவது என் மனைவி மொரீன். என் விரலில் அடிபட்டு ஒரு நோயாளியைத் திருப்பி அனுப்ப நேர்ந்தாலும் கவசம் மொத்தமும் பழைய இரும்புக்குப் போகும் என்று சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

பென்சில்வேனியா கோடை முகாமில் எஃகுக் கையுறை வாங்கக் கடைக்கூடாரத்துக்குப் போனேன். கூட வந்த குர்ட், பள்ளிப் பேருந்து ஓட்டுநர், எங்கள் அணிக்காரன். விரல் பிரிக்காத கனத்த ஜோடி ஒன்றை நீட்டினான். அடுப்பிலிருந்து தட்டு இறக்கும் உறை மாதிரி இருந்தது. நானோ பித்தளை விளிம்பு வைத்த, விரல் விரலாகப் பிரிந்த ஜோடியை மாட்டி, கண்ணாடி முன் முஷ்டி மடக்கினேன். எங்கள் கூட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் பார்த்து வாங்குவோம்; ஆயுதப் பிடி மாதிரி ஒரு கட்டையைக் கொடுங்கள், பிடித்துப் பார்க்கிறேன் என்று யாருக்கும் கேட்கத் தோன்றாது.

“சண்டைக்கா, சும்மா நிக்கவா?” என்றார் கடைக்காரர்.

“சண்டைக்குத்தான்” என்று பணத்தை நீட்டினேன். குர்ட் கூடாரத்தின் கூரையைப் பார்த்தான்.

களத்தில் கவசம் சோதிப்பவர் என் கட்டைவிரல் தகட்டை அழுத்தினார். அது பணிவாக உள்ளே போனது. இதைப் போட்டு இறங்கக் கூடாது என்றார். குர்ட் தன் கனத்த கையுறைகளைக் கழற்றித் தந்து, என்னுடையதை வாங்கிக்கொண்டான். வேண்டாம் என்றேன், அவ்வளவு சத்தமாக அல்ல.

எதிரணியில் இருந்த ஒஹாயோ கணக்காளர் ஒருவர் பிரம்பில் செய்த கோடரியை நேராக என் கட்டைவிரலில் இறக்கினார். சட்டி அடிபட்ட சத்தம், வலியே இல்லை. அடுத்த அடி தலையில். அடிபட்டவனே தான் செத்ததாக அறிவிப்பது எங்கள் வழக்கம். நேர்மையாகச் செத்து, பத்து விரலையும் ஆட்டிப் பார்த்தபடி புல்லில் கிடந்தேன்.

வெளியே, என் பித்தளைக் கையுறையோடு சாசேஜ் தின்றுகொண்டிருந்த குர்ட்டுக்குச் சிறந்த உடையலங்காரப் பரிசு கிடைத்திருந்தது.

“டாக்டரே, நிக்கறதுக்கும் ஒரு திறமை வேணும்.”

பொறுக்கவில்லை. ஒரு போட்டோவுக்காக அதைப் பிடுங்கி, உள்ளே தோலுறைகூட இல்லாமல் மாட்டி, முஷ்டி மடக்கினேன். தகடு ஆள்காட்டி விரலைக் கவ்வியது.

வீட்டில் மொரீன் கறுத்த நகத்தைப் பார்த்தாள்.

“எவன் அடிச்சான்?”

“யாரும் அடிக்கல. போட்டோ எடுத்தோம்.”

விரலில் ஐஸ் வைத்துக் கட்டினாள். திங்கட்கிழமை நோயாளிகளுக்குப் போன் செய்து தள்ளிப்போட்டாள். பழைய இரும்புக்காரருக்கு எப்போது போன் போகும் என்று காத்திருந்தேன். போகவில்லை.

முகாமின் அடுத்த வாரம் கடைக்கூடாரத்துக்கு அவளே வந்தாள், பையில் வீட்டு மாவுருட்டும் கட்டையோடு. அந்த அடுப்பு உறை ஜோடியை என் கையில் மாட்டி, கட்டையைப் பிடிக்கச் சொன்னாள். பிடிக்க முடிந்தது. பிறகு கட்டையைப் பிடுங்கி, உறையோடு என் கையை மேசைமேல் வைத்து ஓங்கி ஒன்று போட்டாள். சோதனைக்கு அவ்வளவு வேகம் தேவையில்லை.

“வலிக்குதா?”

“இல்ல.”

“அப்ப இதுதான்” என்றவள், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்று போட்டாள்.