சாம்பல் நிறத்தில் நாலாவது பாட்டு

மதியச் சோற்றுப் பெட்டியின் மூடியைத் திறக்கும்போதே மாஹிராவின் கைபேசி மேசையில் கிடந்து துடிக்க ஆரம்பித்தது. பர் துபாயில், மீனா பஜாருக்குப் பின் தெருவில், சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றின் அலுவலகம் அது. 'நங்கூரம் ரசிகர்கள் – வளைகுடா' என்ற வாட்ஸப் குழுவில் யாரோ ஒரு படத்தைப் போட்டிருந்தான். பாட்டுச் செயலியில் நங்கூரம் இசைக்குழுவின் பக்கம் முளைத்திருந்தது. அட்டைப்படமும் அதன் கீழே பதினோரு பாட்டுகளின் பெயர்களும், எல்லாமே சாம்பல் நிறத்தில். அழுத்தினால் பாடாது. ஆனால் இருக்கிறது. முப்பது வருடமாகக் கேசட்டிலும், அந்தக் கேசட்டிலிருந்து எவனோ இரைச்சலோடு பிடித்த நகலிலும் மட்டும் உயிர் வைத்திருந்த பாட்டுகள், வரப்போகிறேன் என்று வாசலில் வந்து நின்றன.

குழு கொதித்தது. அடுத்த வெள்ளிக்கிழமை திறக்கும் என்றான் ஒருவன். இப்படித்தான் போன வருடமும் சொன்னார்கள், ஒரு மண்ணும் வரவில்லை என்றான் இன்னொருவன். ஒலிநாடா கப்பலில் வரும்போது கடலில் விழுந்துவிட்டது, மீதி வைத்து ஒப்பேற்றுகிறார்கள் என்று ஒரு கதை. இசைக்குழுவுக்குள் அண்ணன் தம்பிச் சண்டை, கோர்ட்டில் கிடக்கிறது என்று இன்னொரு கதை. இவர்கள் எல்லோரும் கிரேன் ஓட்டுகிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள், தொழிலாளர் கேம்ப்பில் கிடப்பவர்கள். ஒரு சாம்பல் நிறப் படத்தை விரலால் பெரிதாக்கி, எழுத்துக்கு எழுத்து ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். மாஹிராவும் அவர்களில் ஒருத்திதான். குழுவில் அவள் பெயர் 'எம். நூஹு'. அவளுடைய முதலெழுத்தும் வாப்பாவின் பெயரும். எல்லோரும் அவளைத் தம்பி என்றார்கள். அவள் திருத்தவில்லை. பெண் என்று தெரிந்தால் பாட்டைப் பற்றிப் பேசாமல் சாப்பிட்டாயா என்று கேட்க ஆரம்பிப்பார்கள்.

குவைத்தின் ஃபஹாஹீலில் இருக்கும் பாலகுரு அண்ணன்தான் குழுவின் தலைவர். அவர் தட்டச்சு செய்யமாட்டார், குரல்பதிவுதான்.

"யப்பா தம்பிகளா, நல்லாக் கேட்டுக்கங்க. நாலாவது பாட்டு, 'கோழி கூவிப் போச்சு', அதுக்காகத்தான் நான் உசுரோட இருக்கேன். குவைத்துக்கு வர்றதுக்கு முன்னால நான் புஜைரா கேம்ப்புல இருந்தவன். இரட்டைக் குரல் ஹாதி பாடுனதக் கண்ணால பாத்தவன். ஆம்பளக் குரல்ல ஒரு வரி. அடுத்த நொடி தலையில துண்டப் போட்டுக்கிட்டுப் பொம்பளக் குரல்ல ஒரு வரி. பக்கத்துல ஒரு வெள்ள வேன் நிக்கும், உள்ள ஜெனரேட்டர் இருக்கு, கிட்ட வராதன்னு ஒரு பாய் வெரட்டிக்கிட்டே இருப்பாரு. அதெல்லாம் ஒரு காலம். இப்ப என்னன்னா, எவனோ ஒருத்தன் கையெழுத்துப் போடாம இழுத்தடிக்கிறானாம். அவன் மட்டும் என் கையில கெடைக்கணும்."

"கெடச்சா என்னண்ணே பண்ணுவீங்க, கிரேன்ல தூக்கி வச்சிருவீங்களா?" என்று ஐயப்பன் என்பவன் எழுதினான்.

மாஹிரா பெட்டியை மூடினாள்.

அந்த 'எவனோ ஒருத்தன்' அவளுடைய உம்மா, அஸ்மத் பீவி.

வேனுக்குள் ஜெனரேட்டர் இல்லை. அஸ்மத் பீவி இருந்தாள். கல்யாணமாகி புஜைராவுக்கு வந்த புதிது, இருபத்திரண்டு வயது. ஒரு நிக்காஹ் வீட்டில் அவள் பாடியதைக் கேட்டுவிட்டு, அவள் புருஷன் நூஹுவுக்குத் தம்பி முறையான அப்துல் ஹாதி வந்து காலில் விழாத குறையாகக் கேட்டார். பெண்பிள்ளையை ஆம்பளைக் கூட்டத்தின் முன்னால் மேடையேற்ற முடியாது, ஊரில் காறித் துப்புவார்கள் என்றார் நூஹு. யோசித்து யோசித்து வேனைக் கண்டுபிடித்தார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டு, கதவிடுக்கு வழியாக மைக் ஒயரை உள்ளே விட்டார்கள். இன்ஜின் ஓடினால் இரைச்சல் மைக்கில் ஏறும் என்பதால் ஏ.சி. கிடையாது. அந்த வேக்காட்டில் அடைத்த வேனுக்குள் உட்கார்ந்து, நனைந்த துப்பட்டாவைப் பிழிந்து பிழிந்து, "நீ வந்தாத்தான் விடியுமா, கோழி கூவிப் போச்சு மச்சான்" என்று அவள் பாடுவாள். வெளியே ஹாதி துண்டைத் தலையில் போட்டு வாயசைப்பார். கேம்ப்பே விசிலடிக்கும். கிட்ட வராதே என்று விரட்டிய பாய்தான் மாஹிராவின் வாப்பா. கேசட் போட்டபோதும் அதே கதைதான். அட்டையில் நாலு ஆம்பளைகளின் படம் வந்தது, ஒரு துண்டோடு.

இப்போது பாட்டை வெளியிடும் கம்பெனிக்காரன் கண்டிப்பானவன். யார் யார் குரல் இருக்கிறதோ அத்தனை பேரும் சம்மதம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றான். அன்று ஒலிப்பதிவு செய்த மனுஷர் இன்னும் ஷார்ஜாவில் இருந்தார். அவர் வாயில் அஸ்மத் பீவியின் பெயர் தானாக வந்துவிட்டது. அன்றிலிருந்து ஹாதி சாச்சா கையெழுத்துக் கேட்டு வாரம் தவறாமல் போன் செய்தார்.

மாஹிராவுக்குக் கோபம் ஹாதி மேல் மட்டும் இல்லை. உம்மா மேலும்தான். மூன்று வருடம் முன்பு உம்மாவுக்குக் கழுத்தில் கட்டி எடுத்தார்கள். அதன் பிறகு வந்த குரல் உரசுகிற குரல். பேசலாம். பாட முடியாது. ஆக அந்த நாலாவது பாட்டைத் தவிர உம்மாவின் குரல் இந்த உலகத்தில் வேறெங்கும் இல்லை. அதை இரைச்சல் இல்லாமல் ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்று மாஹிரா வெறி பிடித்து அலைந்தாள். கேட்கவிடாமல் தடுப்பது, தன் பெயர் இல்லாமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்ற உம்மாவின் வீம்பு.

வாரக் கடைசியில் புஜைராவுக்குப் போனவுடன் அதைத்தான் சொன்னாள். உம்மா கூடத்தில் உட்கார்ந்து, கீழே இருக்கும் கஃபட்டீரியாவுக்குச் சமோசா மடித்துக்கொண்டிருந்தாள்.

"கையெழுத்தப் போட்டுக் குடுத்துத் தொலைங்கம்மா. பேரு இல்லாட்டி என்ன, குரலாவது வெளிய வருமுல்ல."

"வந்தா யாரு குரலுன்னு நெனச்சுக் கேப்பாங்க?"

உம்மா அடுத்த சமோசாவை மடித்தாள்.

"ஹாதி குரலுன்னு நெனச்சுத்தான் கேப்பாங்க. நீயே நாளைக்கு உம் புள்ளைக்கு எப்புடிச் சொல்லுவ? இது ஹாதி பாடுனதுன்னா? அதுக்கு அந்தப் பாட்டு கேக்காமலே கெடக்கட்டும்."

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு ஹாதி வந்தார். தாடிக்கு மருதாணி, கையில் அல்வா டப்பா, கக்கத்தில் தாள். மேடையில் கேம்ப்பைக் கிறங்கடித்த மனுஷர் உட்காரும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நூஹு அவருக்குத் தலையணையை நகர்த்திக் கொடுத்துவிட்டு மூலையில் ஒதுங்கினார்.

"ஒரே ஒரு கையெழுத்து லாத்தா. புள்ளைங்க எல்லாம் வெள்ளிக்கெழமைக்குக் காத்துக் கெடக்குதுங்க," என்றார் ஹாதி அண்ணியிடம்.

"படிச்சுச் சொல்லு," என்றாள் உம்மா மகளிடம். கை மடிப்பதை நிறுத்தவில்லை.

குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் என்பதால் எந்தத் தாள் வந்தாலும் மாஹிராவின் தலையில்தான் விழும். மின்சார பில்லிலிருந்து விசாத் தாள் வரை அவள்தான் படித்துச் சொல்லியிருக்கிறாள். இதையும் நிதானமாகப் படித்தாள். படிக்கப் படிக்க, நேற்று உம்மாவிடம் சொன்ன வார்த்தை முள்ளாகத் திரும்பிக் குத்தியது.

"அஸ்மத் பீவி ஆகிய நான் இந்தப் பாட்டில் துணைக்குரல் மட்டும் குடுத்தேன், என் பேரு எங்கயும் வேண்டாம், இனி எப்பவும் கேக்கமாட்டேன். அப்புடின்னு இருக்கும்மா."

"துணைக்குரல்னா?"

"அது கம்பெனிக்காரன் பாசை லாத்தா," என்றார் ஹாதி.

"ஓ. வேனுக்குள்ள வெந்தது துணைக்கு வெந்ததாக்கும்."

"பேரு வரக் கூடாதுன்னு அன்னைக்குச் சொன்னது நானா? நூஹு காக்காவையே கேளுங்க."

நூஹு தரையைப் பார்த்தார்.

"அவங்கதான் சொன்னாங்க," என்றாள் உம்மா. "நானும் தலையாட்டுனேன், இல்லேங்கல. அது சின்னப் புள்ளத் தலை, ஆடிருச்சு. இது ஆடாது."

"இப்பப் போயிச் சொன்னா யாரு நம்புவா? பாடிக் காட்டுன்னுவாங்க. உங்களால இப்ப..." ஹாதி பாதியில் நிறுத்தினார். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டது அவருக்கே தெரிந்தது. மாஹிரா எழுந்தேவிட்டாள். உம்மா கையைக் காட்டி உட்காரச் சொன்னாள்.

"என்னால முடியாதுதான்," என்றாள் அந்த உரசுகிற குரலில். "நீ பாடு. என் குரல எடுத்துப்புட்டு ரெண்டு குரல்லயும் நீயே பாடிப் போட்டுக்க. இரட்டைக் குரலுங்கிறாங்கள்ல. யாரு தடுத்தா உன்னய?"

ஹாதி அல்வா டப்பாவின் ரப்பரை இழுத்து விட்டார். "எனக்கு வேற என்ன இருக்கு லாத்தா," என்றார். நடிப்பில்லாமல் அவர் சொன்ன ஒரே வார்த்தை அதுதான் என்று மாஹிராவுக்குப் பட்டது. அதற்காக அவரை மன்னிக்க அவளுக்கு மனம் வரவில்லை. தனக்கு வேறொன்றும் இல்லை என்பதற்காக அடுத்தவளுடையதை எடுத்து வைத்துக்கொள்ளலாமா?

உம்மா மட்டும் எழுந்து, பொரித்ததில் பத்துச் சமோசாவைப் பொட்டலம் கட்டி ஹாதியின் கையில் கொடுத்தாள். "சூட்டோட சாப்புடு. என் பேரப் போட்டு எழுதிக்கிட்டு வா, அப்பவே போட்டுத் தர்றேன்."

அவர் இறங்கிப் போன பிறகு மாஹிரா கேட்டாள். "நான் குழுவுல சொல்லட்டுமாம்மா?"

நூஹு முந்திக்கொண்டு வாயைத் திறந்தார். உம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

"அவன் என் பேரப் போடுறானான்னு வெள்ளிக்கெழம வரைக்கும் பாப்போம்," என்றாள் உம்மா. "அப்புறம் உன் இஷ்டம். நான் கண்ணாடிய ஏத்திக்கிட்டு உக்காந்திருந்ததெல்லாம் போதும்."

வெள்ளிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து மாஹிரா புஜைரா பஸ்ஸில் ஏறியபோது பாட்டுகள் திறந்திருந்தன. பத்துப் பாட்டின் பெயர்கள் பளிச்சென்று எழுந்து நின்றன. நாலாவது மட்டும் சாம்பல். பஸ் மலைக்குள் நுழையும்வரை அவள் அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டு வந்தாள். குழுவில் பத்துப் பாட்டு வந்த சந்தோஷத்தைப் பேச ஆளில்லை. எவன்டா அந்த நாதாரி என்பதுதான் பேச்சு. அவன் பேரச் சொல்லுங்கடா, ஊரச் சொல்லுங்கடா என்று பாலகுருவின் குரல் அழாத குறையாகக் கத்தியது.

மாஹிரா முதலில் தன் பெயரை மாற்றினாள். 'மாஹிரா, அஸ்மத் பீவி மகள்' என்று. பிறகு எழுதினாள்.

'நாதாரி இல்லை. பெயர் அஸ்மத் பீவி. ஊர் புஜைரா. கையெழுத்துப் போடாதவர் அவர்தான். நாலாவது பாட்டில் பெண் குரலில் பாடியவரும் அவர்தான். ஹாதி வாய் மட்டும் அசைத்தார். பெயர் போட்டால் பாட்டு வரும். நான் தம்பி இல்லை.'

அனுப்பினாள்.

சிரிப்புப் பொம்மைகள் வந்தன. பொய், காசுக்காகக் கிளம்பியிருக்கிறாள், வீட்டில் ஆம்பளை இல்லையா என்று வந்தன. எல்லாவற்றையும் படித்தாள், ஒன்றையும் அழிக்கவில்லை. பாலகுரு அண்ணனிடமிருந்து மட்டும் குரல்பதிவு வரவில்லை. அவர் எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. நின்றது. மறுபடி எழுதிக்கொண்டிருந்தார். தட்டச்சே செய்யாத மனுஷர்.

வீட்டில் உம்மா மாவுக் கையோடு வந்து கதவைத் திறந்தாள். "வந்துருச்சா?"

மாஹிரா கைபேசியை நீட்டினாள். உம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "இந்த மங்கலாக் கெடக்கே, அதான் என்னோடதா?"

"ஆமாம்மா."

உம்மா ஆள்காட்டி விரலால் அந்த வரியை அழுத்தினாள். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் ஒரு தடவை, கொஞ்சம் பலமாக அழுத்தினாள். அப்போது திரையின் மேலே ஒரு செய்தி இறங்கியது. பாலகுருவிடமிருந்து, எழுத்தில், ஒரே வரி: 'அப்போ அந்த வெள்ள வேன்ல இருந்தது'. அதற்கு மேல் எழுதவில்லை. அதற்குக் கீழே, கண்ணாடியில், நாலாவது பாட்டின் மேல் மாவில் பதிந்த விரல்ரேகை வெள்ளையாக இருந்தது. மாஹிரா அதைத் துடைக்கவில்லை.