குளத்துக்குள் விழுந்த வாசல்

பயிற்சி வகுப்பின் முதல் நாள் காலை பத்தரை மணிக்கெல்லாம் அவருக்குப் பட்டப்பெயர் வந்துவிட்டது. வாயைத் திறந்தாலே "என் அனுபவத்துல…" என்றுதான் ஆரம்பித்தார் மனுஷன். ஏழாவது தடவை அப்படி ஆரம்பித்தபோது, கடைசி வரிசையில் இருந்த சுகாதார ஆய்வாளர் பக்கத்தில் இருந்தவரிடம், "அனுபவம் சார் பேசுறாரு, கேளுங்க" என்று முணுமுணுத்தார். அது சார் காதிலும் விழுந்தது. கேலி என்று அவருக்கு உறைக்கவில்லை. பாராட்டாகவே எடுத்துக்கொண்டு தலையை லேசாக ஆட்டினார்.

அவருடைய தொழில் புகைக்குக் கணக்குப் போடுவது. ஒரு ஆலையின் புகைபோக்கியிலிருந்து கிளம்பும் புகை எந்தப் பக்கம் போகும், எவ்வளவு தூரம் போகும், யார் தலையில் எவ்வளவு இறங்கும் என்று கம்ப்யூட்டரில் மாடல் போட்டு அறிக்கை எழுதித் தருவார். பதினைந்து வருடமாக இதே வேலை. இப்போது புதிதாக ஒரு விதி வந்திருந்தது. மூன்று நாள் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்காதவர்கள் இனி அறிக்கையில் கையெழுத்துப் போட முடியாது. அந்தக் கடுப்போடுதான் வந்து உட்கார்ந்திருந்தார். பாடம் நடத்திய பெண்ணுக்கு அவருடைய வயதில் பாதிகூட இருக்காது என்பது எரிகிற நெருப்பில் எண்ணெய்.

இரண்டாம் நாள் காலைப் பாடம் வரைபடம். உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் கொண்டுவருவதற்கு ஆளாளுக்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் ப்ரொஜெக்‌ஷன். மாடலைத் தொடங்கும்போதே எந்த முறை, எங்கிருந்து அளக்கிற அளவைத் தொடக்கம் என்று ஒரு சின்னப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும்.

"ரெண்டு பேர் ஒரே வீட்டை அளக்குறாங்கன்னு வச்சுக்குங்க" என்றாள் பயிற்சியாளர். "ஒருத்தர் வாசப்படியில இருந்து டேப்பைப் பிடிக்கிறாரு. இன்னொருத்தர் வெளி கேட்ல இருந்து பிடிக்கிறாரு. ரெண்டு கணக்கும் சரிதான். ஆனா ஒருத்தர் நோட்டுல இருந்து கிச்சனையும் இன்னொருத்தர் நோட்டுல இருந்து ஹாலையும் எடுத்து ஒரே படத்துல வரைஞ்சா என்ன ஆகும்? பழைய அரசாங்க மேப் ஒரு இடத்துல இருந்து அளந்தது. இப்ப நாம கையில வச்சிருக்கிற ஜிபிஎஸ் வேற இடத்துல இருந்து அளக்குது. ரெண்டையும் கலந்தீங்கன்னா கம்ப்யூட்டர் ஐயோன்னு கத்தாது. சமத்தா கணக்குப் போட்டுக் கொடுத்திரும். ஆளுங்க மட்டும் இருநூறு முந்நூறு மீட்டர் தள்ளி நிப்பாங்க."

அனுபவம் சார் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "என் அனுபவத்துல சொல்றேன்மா. கிலோமீட்டர் கணக்குல போற புகைக்கு முந்நூறு மீட்டர்ல என்ன குடி முழுகிடப் போகுது?"

வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள்.

"யார் குடிங்கறதைப் பொறுத்தது சார். இந்தத் தப்பு வெளிய தெரியாதுன்னு நினைக்காதீங்க. எங்கேயாவது காட்டிக் கொடுத்திரும். ரோடு ஆத்துக்குள்ள ஓடும். ஆலையோட வாசல் கேட் போய்க் குளத்துக்குள்ள நிக்கும். நம்ம ஆளுங்க அதைப் பார்த்துட்டு, 'பழைய மேப்புதானே, குளத்தைத் தூர்த்திருப்பாங்க'ன்னு தனக்குத்தானே சமாதானம் சொல்லிட்டுப் போயிருவாங்க. அங்கதான் தப்பே."

எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை.

ஏனென்றால் அதே வார்த்தைகளை அவர் சொல்லியிருக்கிறார். மூன்று வருடம் முன்பு, பழைய இரும்பை உருக்கும் ஓர் ஆலைக்கு மாடல் போட்டபோது. புகைபோக்கியும் வாசலும் ஜிபிஎஸ்ஸில் அளந்தவை. சுற்றியிருந்த வீடுகளைப் பழைய மேப்பிலிருந்து எடுத்துப் போட்டிருந்தார். அறிக்கை கொடுக்க வேண்டியதற்கு முந்தைய நாள் சாயங்காலம் படத்தைப் பார்த்தால், ஆலையின் வாசல் ஒரு குளத்துக்கு நட்டநடுவில் நின்றது. அவர் அதைப் பார்த்தார். ஐந்து நிமிடம் பார்த்தார். பிறகு குளத்தைத் தூர்த்திருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டு, அந்தக் குளத்தின் நீல நிறத்தைப் படத்திலிருந்து எடுத்துவிட்டார்.

அந்த ஆலைக்கு நேர் கிழக்கே இருக்கும் தெருவில்தான் அவருடைய அக்கா வீடு.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு சார் மடிக்கணினியைத் திறந்தார். பழைய கோப்பைத் தேடி எடுத்து, வீடுகளின் பட்டியலில் அளவைத் தொடக்கம் என்ற ஒரே ஒரு வரியை மாற்றினார். மாற்றியதும் வீடுகள் எல்லாம் முந்நூறு மீட்டர் தெற்கே இறங்கின. மாடலை மறுபடி ஓட விட்டார். விசிறிச் சத்தத்தைத் தவிர அறையில் வேறு சத்தம் இல்லை. இருபது நிமிடத்தில் படம் வந்தது.

அந்த ஊரில் காற்று வருடத்தில் பாதிக்கு மேல் கிழக்கே வீசும். முன்பு போட்ட படத்தில் தெரு வடக்கே ஒதுங்கி நின்றதால் புகை அதற்குத் தெற்கே யாருமில்லாத பொட்டலில் இறங்கியது. அனுமதித்த அளவில் கால் பங்குகூடத் தெருவுக்கு வரவில்லை என்று அறிக்கையில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார். இப்போது சிவப்பு வட்டம் தெருவின் மேலேயே உட்கார்ந்திருந்தது. அனுமதித்த அளவைப் போல ஒன்றரை மடங்கு. அக்கா வீடு இருந்த புள்ளி சிவப்பில் மூழ்கித் தெரியாமலே போயிருந்தது.

"என்ன சார், சாப்பிடலையா?" சுகாதார ஆய்வாளர் பல்லைக் குத்திக்கொண்டே உள்ளே வந்தார்.

சார் மூடியைப் படக்கென்று சாத்தினார். "வயிறு சரியில்ல" என்றார்.

புகையைவிட அவரை அப்போது அதிகம் சுட்டது வேறொன்று. ஆலைக்கு அனுமதி கொடுக்குமுன் பொதுமக்கள் கூட்டம் ஒன்று நடந்தது. மேடையில் சார். கீழே இருநூறு பேர். அக்காள் கணவர் தையல்காரர். பள்ளிக்கூடச் சீருடை தைத்தே குடும்பத்தைக் கரையேற்றியவர். கூட்டத்தில் நெளிந்துகொண்டே எழுந்து நின்றார். ஆலை ஒரு மாதம் சோதனைக்கு ஓடியபோது, கொடியில் போட்ட வெள்ளைத் துணியிலெல்லாம் கறுப்புப் பொடி விழுந்தது என்றார். கையோடு ஒரு வெள்ளைச் சட்டையும் கொண்டுவந்து விரித்துக் காட்டினார். சொந்தக்காரர் என்பதால் விட்டுக்கொடுத்தார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம் சாருக்கு. மைக்கைப் பிடித்து, "அத்தான், காற்று எந்தப் பக்கம் போகுதுன்னு சொல்றதுக்குக் கம்ப்யூட்டர் இருக்கு. உங்க கொடியில தொங்குற சட்டைக்கு டிகிரி கிடையாது" என்றார். இருநூறு பேரும் கொல்லென்று சிரித்தார்கள். அத்தான் சட்டையை மடித்து, மடித்து, உள்ளங்கை அளவுக்கு ஆக்கிக்கொண்டு உட்கார்ந்தார். அதை அன்று வெற்றி என்று நினைத்து வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டார் சார்.

மாலை வகுப்பு முடிந்ததும் பயிற்சியாளரிடம் போய் நின்றார். அவள் கம்ப்யூட்டர் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்… நண்பர்தான்… காலைல நீங்க சொன்ன மாதிரி ஒரு தப்பு பண்ணிட்டாரு. அறிக்கை கொடுத்து மூணு வருஷம் ஆச்சு. ஆலை ஓடிட்டிருக்கு."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். நண்பர் யாரென்று கேட்கவில்லை. அந்த மரியாதைதான் அவரை இன்னும் கூனிக் குறுக வைத்தது.

"உங்க நண்பர் இன்னைக்கே ஆலைக்கும் அனுமதி கொடுத்த அலுவலகத்துக்கும் எழுதணும் சார். அவரோட உரிமம் போனாலும் போகலாம், அதை நான் மறைக்க விரும்பல. ஆனா அதுக்கும் முன்னாடி அங்க குடியிருக்கிறவங்ககிட்ட போய்ச் சொல்லச் சொல்லுங்க. மூச்சு விடுறது அவங்கதானே."

கடிதத்தை அங்கேயே உட்கார்ந்து எழுதினார். பதினைந்து வருடத்தில் அவர் எழுதியதிலேயே சின்ன அறிக்கை அதுதான், நாலே வரி. அனுப்பிவிட்டு பஸ் ஏறினார்.

அக்கா வீட்டு வாசலில் இறங்கியபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. முன்னறையில் அத்தான் மெஷினில் ஒரு வெள்ளைச் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார். ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. சாத்திய ஜன்னலின் இடுக்குகளில் துணி ஒட்டுகளைச் சுருட்டித் திணித்திருந்தார்கள். எத்தனையோ தடவை வந்திருக்கிறார், இது கண்ணில் பட்டதே இல்லை.

"அட, மச்சான்! வாங்க வாங்க. ஏ, இங்க பாரு, யாரு வந்திருக்காங்கன்னு!"

அக்கா தண்ணீரோடு வந்தாள். "என்னடா மூஞ்சி இப்படிச் சுண்டிப் போயிருக்கு?"

நின்றபடியே சொன்னார் சார். அளவைத் தொடக்கம், பழைய மேப் எல்லாம் சொல்ல ஆரம்பித்து, அது சாக்குச் சொல்வதுபோல அவர் காதுக்கே கேட்டதால் பாதியில் நிறுத்தினார். "அத்தான், நான் போட்ட மேப் தப்பு. புகை உங்க தெரு மேலதான் இறங்குது. நீங்க அன்னைக்குச் சொன்னதுதான் சரி" என்று முடித்தார்.

மெஷின் நின்றது. அத்தான் திட்டுவார் என்று சார் எதிர்பார்த்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது. அத்தான் கையிலிருந்த காலரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிழிச்சுட்டேனே" என்றார் மெதுவாக.

"என்ன அத்தான்?"

அக்காதான் பதில் சொன்னாள். "போன வருஷம் தெருவுல எல்லாரும் சேர்ந்து மனு எழுதினாங்கடா. நாப்பது கையெழுத்து. எதிர் வீட்டு நர்ஸம்மா வீடு வீடா ஏறி வாங்கினாங்க. இந்த மனுஷன்தான், 'என் மச்சான் கம்ப்யூட்டர்ல பார்த்துச் சொன்னது, அதுக்கு மேல நமக்கு என்ன தெரியும், என்னை மாதிரி போய் நின்னு அசிங்கப்படாதீங்க'ன்னு சொல்லி, அதை வாங்கிக் கிழிச்சுப் போட்டாரு."

"உங்க பேருக்கு ஒரு கெட்ட பேர் வரக் கூடாதுன்னு பார்த்தேன் மச்சான்" என்றார் அத்தான்.

சபையில் தன்னை அவமானப்படுத்தியவனுக்காக இந்த மனிதர் ஒரு தெருவின் வாயையே அடைத்திருக்கிறார். அழுகை வந்தது. அழ அருகதை இல்லை என்று அடக்கிக்கொண்டார்.

அத்தான் எழுந்து தன் சட்டையை மாட்டினார். "வாங்க. நர்ஸம்மா இந்நேரம் டியூட்டி முடிஞ்சு வந்திருப்பாங்க. அங்க இருந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு வீடாச் சொல்லிட்டு வந்துருவோம்."

எதிர் வீட்டுக் கதவைத் திறந்த பெண் இன்னும் ஆஸ்பத்திரி உடுப்பில்தான் இருந்தார். உள்ளே ஒரு குழந்தை இருமிக்கொண்டிருந்தது. சார் தொண்டையைச் செருமினார். அதற்குள் அத்தான் முந்திக்கொண்டார்.

"நர்ஸம்மா, அன்னைக்கு உங்க மனுவைக் கிழிச்சேன்ல, மன்னிச்சுக்குங்க. மச்சான் சரியாத்தான் சொல்லியிருக்காரு. நான்தான் மேப்பு புரியாம தப்பா வந்து சொல்லிட்டேன். புகை நம்ம பக்கம்தான் வருதாம். அதைச் சொல்லத்தான் அவரே நேர்ல வந்திருக்காரு."

அந்தப் பொய்யைக் கேட்டதும் சாருக்கு மனசு லேசானது. ஒரே ஒரு விநாடிதான். அப்பாடா என்றிருந்தது. பதினைந்து வருடம், பெயர், உரிமம், எல்லாம் தப்பித்துக் கரையேறியதுபோல இருந்தது. அந்த அப்பாடாவை உணர்ந்த கணத்தில், காலையிலிருந்து பட்ட வெட்கம் எல்லாம் சேர்ந்தாலும் இதற்கு ஈடில்லை என்று தெரிந்தது.

"இல்லம்மா. அத்தான் எனக்காகப் பொய் சொல்றாரு. தப்பு என்னோடது. மேப் போட்டதும் நான்தான், அவரு வாயை அடைச்சதும் நான்தான்."

நர்ஸம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சத்தம் போடவில்லை. நோயாளியிடம் கேட்பதுபோல ஒன்றைத்தான் கேட்டார்.

"எப்பத் தெரிஞ்சது உங்களுக்கு?"

இன்றைக்கு மத்தியானம் என்ற பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொன்னால் யாரும் மறுக்க முடியாது. உள்ளே குழந்தை மறுபடி இருமியது.

"சந்தேகம் அப்பவே வந்துச்சும்மா. மூணு வருஷத்துக்கு முன்னாடியே. கூட்டத்துக்கு முன்னாடியே வந்துச்சு. பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டுட்டேன்."

அத்தானுக்கு அவர் அதைச் சொல்லியிருக்கவில்லை. பக்கத்தில் நின்றவர் மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. அளவு எடுத்த துணி குறைந்துபோனால் அத்தான் பார்ப்பாரே, அந்தப் பார்வை. பிறகு படி இறங்கினார்.

சார் பின்னாலேயே போனார். அடுத்த வீட்டுக் கதவை அத்தான்தான் தட்டினார். ஆள் வரும் சத்தம் கேட்டதும், இந்தத் தடவை வாயைத் திறக்காமல் ஓரமாக ஒதுங்கி நின்றுகொண்டார்.