காச்சாங் கொடி

1979 மார்ச்சில், ஈப்போ பக்கத்துக் கோப்பெங்குக்கு அருகே, இராசையாவின் எட்டு ஏக்கர் ரப்பர்ப் பால்மரங்கள் மறுநடவுக்காகச் சாய்க்கப்பட்டன. அதற்கான அரசாங்க மானியம் தவணை தவணையாக வரும். ஒவ்வொரு தவணைக்கும் முன்னால் இலாகா அதிகாரி வந்து பார்ப்பார்.

மறு வருடம் அவர் வந்த காலையில், வீரம்மா ஒரு ரப்பர்க் கன்றின் தண்டில் சுற்றியிருந்த கொடியை அரிவாளால் அறுத்துக்கொண்டிருந்தாள். சரிவில் மண் கரையாமலிருக்க இலாகா கொடுத்த விதை அது. பயறு வகை; காச்சாங் கொடி என்பார்கள். தரையோடு கிடந்தால் நல்லது; ஏறவிட்டால் கன்றை முறுக்கிச் சாய்த்துவிடும்.

பழைய மரங்களைப் பதினாறு வருடம் சீவியவள் அவள். மரங்களோடு கூலியும் போயிற்று. குனோங் ராபாட்டில் குடியிருந்த இராசையா ரயில்வேயில் கிராணியாகக் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். ரப்பர்க் கன்றுகளைச் சுற்றி வட்டமாகச் சுத்தம் செய்து வைத்துக்கொண்டால் தோட்டத்துக் குடிசையில் இருக்கலாம், அறுத்த கொடியை மாட்டுக்குப் போடலாம் என்றார். வேறு கூலி பேசவில்லை. புருஷன் சன்னாசிக்கு லோரியிலிருந்து விழுந்ததில் இடுப்பு போயிருந்தது. செவலைப் பசுவின் பாலைக் காப்பிக்கடைக்கு ஊற்றித்தான் அடுப்பெரிந்தது.

"மானியம் ஐயாவுக்கு மட்டுமா? நம்ம செவலைக்கும் வருது லா," என்று சன்னாசி பசுவின் முதுகைத் தட்டுவான்.

பசு சினையானதும் வட்டத்துக் கொடி போதவில்லை. வீரம்மா மேல்வரிசையிலும் நாலைந்து கட்டு அறுத்துவிட்டாள். அடுத்த மழையில் அங்கே செம்மண் வாரிக்கொண்டு போயிருந்தது. அன்று காலை வந்த அதிகாரி அதன் ஓரத்தில் நின்று பார்த்தார். கோபப்படவில்லை. கொடி மூடிய பிறகுதான் அடுத்த தவணை என்று மலாயில் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

"மாட்டை வித்துப்போடு, வீரம்மா," என்றார் இராசையா.

"மேல கைய வச்சது தப்புதாங்க ஐயா. இனிமே வட்டத்த மட்டும் அறுக்கிறேன்."

"மாடு நிண்டால் உன்ர கை சும்மா இராது."

"மாடு இல்லன்னா நாங்க என்னத்தங்க திங்கிறது?"

அவர் குடையை மடக்கிக் காரில் வைத்தார். "எனக்கும் பென்சன் காசுதான் பிள்ளை. மாடோ வீடோ, ரெண்டில ஒண்டு."

செவலையை வாங்கிக்கொண்டு போக ஈப்போ பால்காரர் ஐயாவு லோரியோடு வந்தார். கறக்கும்போது பேச்சுக் கொடுக்காவிட்டால் உதைக்கும் என்று சன்னாசி எச்சரித்தான்.

"நம்ம வூட்லயும் அதே கதைதான், மச்சான்," என்றார் ஐயாவு. வீரம்மா மாட்டின் பழைய கயிற்றை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

அன்று முதல் விடிந்தால் அவள் செங்கல் சூளைக்குக் கூலி வேலைக்குப் போனாள். சாயங்காலம் வந்து அறுக்க வெளிச்சம் இருக்கவில்லை. கொடி மேல்வரிசையை மூடியது. கன்றுகள் மேலும் ஏறியது. அதிகாரி வந்து தரையைப் பார்த்துத் திருப்தியானார். தவணை கிடைத்தது. கன்றுகளைச் சுற்றி அடிக்க மானியத்திலேயே களைமருந்தும் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மருந்தடிக்க இரண்டு ஆட்கள் முதுகில் தொட்டியோடு வந்தார்கள். மருந்து கலக்க வீரம்மா ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்தாள். குடியிருப்பதற்கு அதுவும் சேர்த்திதான் என்று இராசையா சொல்லியிருந்தார்.

ஒரு வாரத்தில், கன்றுகளைச் சுற்றிக் கொடி வட்டவட்டமாகக் கருகிக் கிடந்தது.