தரையிலிருந்து எடுத்த படங்கள்

பிரமிளா வாங்கி வந்த தரை கூட்டும் இயந்திரம் முதல் நாளே சோபாவுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. மாட்டிக்கொண்டதும் பேசியது.

"நான் சிக்கிப்போனன். ஆரும் வந்து எடுத்து விடுங்கோ."

வயதான ஒருவரின் குரல். யாழ்ப்பாணத் தமிழ். அவசரம் இல்லை, கொஞ்சம் மனத்தாங்கல் மட்டும் இருந்தது. ஹாலில் கைலியோடு படுத்திருந்த அவள் கணவன் ஜெயராஜ் எழுந்து முதலில் சட்டையைத் தேடினான்.

தோசைக்கல் அளவில் வட்டமான இயந்திரம் அது. முன்பக்கம் சின்னக் கேமரா ஒன்று இருந்தது. சூலியா தெருவில் பழைய மின்சாரச் சாமான் விற்கும் முகம்மது கனியிடம் வாங்கியது. அதை இயக்கும் டேப்லெட்டையும் அவர் சேர்த்தே கொடுத்திருந்தார். முன்பு வைத்திருந்தவர் தன் சொந்தக் குரலை அதில் பதிந்து வைத்திருக்கிறார் என்பது போகப்போகத்தான் தெரிந்தது. சார்ஜ் குறைந்தால், "எனக்குக் களைக்குது, போய் இருக்கப்போறன்" என்றுவிட்டு மூலைக்குப் போய்விடும்.

ஒரு வாரத்தில் 'அது' என்ற பேச்சு போய் 'அவர்' ஆகிவிட்டது. "அவரு வர்றாரு, கால தூக்குங்க" என்பாள் பிரமிளா. ஜெயராஜ் குளித்துவிட்டுத் துண்டோடு ஹாலுக்கு வருவதை நிறுத்திக்கொண்டான்.

சனிக்கிழமை காலை அவர், "என்ரை வயிறு நிரம்பிட்டுது, ஒருக்கா வெளியில கொட்டுங்கோ" என்றார். பிரமிளா குப்பைப் பெட்டியைக் கழற்றிப் பழைய நாளிதழில் கவிழ்த்தாள். மேலே அவர்கள் வீட்டு முடியும் தூசியும் கிடந்தன. அடியில் இளஞ்சிவப்பு மாத்திரைகள், எண்ணினால் பதினொன்று. அந்த வீட்டில் யாரும் மாத்திரை சாப்பிடுவதில்லை.

பிரமிளா கூரியர் கவுண்டரில் வேலை பார்ப்பவள். பதினான்கு வருடமாக ஊரார் பொட்டலங்களை நிறுத்து முத்திரை வைத்திருக்கிறாள். ஒன்றில்கூட என்ன இருக்கிறது என்று தேவைக்கு மேல் கேட்டதில்லை. ஆனாலும் அன்று டேப்லெட்டைத் திறந்தாள். வழியில் தட்டுப்படும் ஒவ்வொன்றையும் இயந்திரம் படம் எடுத்து, அது என்னவென்று ஒரு பெயரும் போட்டு வைத்திருந்தது. மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று படங்கள். இந்த வீட்டில் டேப்லெட்டை யாரும் இன்னும் இணைக்காததால், எல்லாம் அவள் வாங்குவதற்கு முன்னால் எடுத்தவை.

நாற்காலிக் கால், வயர், ஒரு கிழவரின் கட்டைவிரல். விரலுக்குக் கீழே 'செருப்பு' என்று எழுதியிருந்தது. பிறகு ஒவ்வொரு நாளும் காலை எட்டு பத்துக்கு ஒரே இடம்: சாப்பாட்டு மேசைக்கு அடியில், இரண்டு பாதங்களுக்கு நடுவே ஓர் இளஞ்சிவப்பு மாத்திரை. 'சிறு பொருள்.' ஒரு படத்தில் அந்தக் கிழவரே குனிந்து கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் போடாதே என்பதுபோல் உதட்டில் விரல். அதற்கு இயந்திரம் இட்டிருந்த பெயர் 'வளர்ப்புப் பிராணி'.

"யாரோ ஒரு பெரியவரு மருந்து சாப்பிடாம கீழ தள்ளிவிட்டுட்டு இருக்காரு. இவரு அத எடுத்து மறைச்சிருக்காரு," என்றாள்.

"நமக்கு எதுக்கு? டிலீட் பண்ணிடு லா," என்றான் ஜெயராஜ்.

"படத்த டிலீட் பண்ணலாம். எனக்குத் தெரிஞ்சத என்ன பண்றது?"

பதினொரு மணிக்கு அவள் சூலியா தெருவில் நின்றாள்.

"அண்ணே, இத வித்தவங்க நம்பர் வேணும்."

"தர முடியாது தங்கச்சி," என்றார் முகம்மது கனி. "கஸ்டமர் விவரம் ரகசியம். கடை தொறந்த நாள்லேர்ந்து இதான் நம்ம கொள்கை."

"அவங்க வீட்டையே படம் படமா எங்கிட்ட வித்திருக்கீங்களே அண்ணே."

"அது சாமானுக்குள்ள இருக்கறது. நம்பர் என் நோட்டுல இருக்கறது. ரெண்டும் ஒண்ணா?"

அவர் மெய்யாகவே அப்படி நம்பினார். மாத்திரை விஷயத்தைச் சொன்னதும் கொஞ்சம் யோசித்தார். பிறகு நோட்டை அவளுக்குத் தெரியாதபடி சாய்த்துப் பிடித்து, தானே எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார்.

"ஹலோ, ஆர் கதைக்கிறது?"

அதே குரல். பிரமிளாவுக்கு உடனே குனிந்து மேசைக்கு அடியில் பார்க்கத் தோன்றியது. மாத்திரைகளைப் பற்றி ஒருவழியாகச் சொல்லி முடித்தாள்.

"படங்கள் பாத்தனீங்களோ?"

"பாத்தேன் ஐயா."

"எத்தினை?"

"நூத்தி நாப்பத்தி மூணு."

"உங்கட வீடு எங்க இருக்கு?"

ஜெலுத்தோங்கில் ஏழாவது மாடியில் இருக்கும் அவர்கள் பிளாட்டுக்கு மதியம் அவர் வந்துசேர்ந்தார். பெயர் விநாசித்தம்பி. எழுபத்தாறு வயது. ஒரு கப்பல் கம்பெனியில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை.

"பிள்ளை, நீங்கள் என்ரை வீட்டை நூத்தி நாப்பத்தி மூண்டு தரம் பாத்திருக்கிறியள். நான் உங்கட வீட்டை ஒருக்காலும் பாக்கேல்லை. இது சரியில்லை."

"நான் என்ன செய்யணும் ஐயா?"

"நானும் பாக்கவேணும். நூத்தி நாப்பத்தி மூண்டு படம். தரையில இருந்து."

"தரையிலேர்ந்தா?" என்றான் ஜெயராஜ்.

"மெசின் எங்க இருந்து பாத்தது? சீலிங்கில இருந்தோ?"

பிரமிளா யோசித்துப் பார்த்தாள். நியாயமாகத்தான் பட்டது. "பாருங்க ஐயா," என்றாள்.

விநாசித்தம்பி கைக்குட்டையை விரித்து முழங்காலிட்டு, நான்கு கால்களில் புறப்பட்டார். ஒரு கையில் கைப்பேசி. ஜெயராஜ் டார்ச் அடித்தபடி பக்கத்தில் தவழ்ந்தான். சோபாவுக்கு அடியில் பதினாறு, டிவி மேசைக்கு அடியில் ஒன்பது. அவர் சத்தமாக எண்ணிக்கொண்டே போனார். சமையலறையில் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் செத்துக் கிடந்த கரப்பான்பூச்சியைக் காட்டி, "இதைப் படம் எடுக்கட்டோ, விடட்டோ?" என்று கேட்டார்.

"எடுங்க ஐயா," என்றாள் பிரமிளா. மறைக்க அவளுக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

படுக்கையறையில் அலமாரிக்கு அடியில் அவர் தலை வெகுநேரம் இருந்தது. படம் எடுக்கும் சத்தம் கேட்டது. தலையை வெளியே எடுத்தார்.

"எழுபத்தெட்டு. உள்ளுக்கை நீளமா ஒரு பெட்டி கிடக்குது. அதைப் பற்றி நான் ஒண்டும் கதைக்கமாட்டன்."

டார்ச் வெளிச்சம் சுவரில் ஆடியது.

"என்ன பெட்டி?" என்றாள் பிரமிளா.

"கதைக்கமாட்டன் எண்டு சொன்னனான். அது தம்பியின்ரை விசயம்."

அவர் கட்டில் பக்கம் நகர்ந்தார். எழுபத்தொன்பது. எண்பது. எண்பத்தொன்று. எண்பத்துநான்கு வந்தபோது ஜெயராஜ் டார்ச்சை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

"தூண்டில் அது," என்றான்.

போன வருடம் கடல் பாலத்துக்குப் பக்கத்தில் மீன் பிடிக்கப் போனபோது படகு கவிழ்ந்து, இரண்டு மணி நேரம் தண்ணீரில் கிடந்தவன் ஜெயராஜ். இனிமேல் போவதில்லை என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து அவளுக்குச் சத்தியம் செய்திருந்தான்.

"இன்னும் போகல. எடுத்து எடுத்துப் பாத்துட்டு வச்சிடறேன்."

"அன்னிக்கு நான் எப்படி உக்காந்திருந்தேன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். அதனாலதான் சொல்லல."

விநாசித்தம்பி தவழ்ந்த நிலையிலேயே திரும்பிப் பார்த்தார். "தம்பி, நான் வாய் திறக்கமாட்டன் எண்டு சொன்னனான் தானே. பிறகு ஏன் சொன்னனீர்?"

"நீங்க தெரிஞ்சு வச்சிக்கிட்டு எண்ணிக்கிட்டே போறீங்க. தாங்க முடியல ஐயா."

அவர் எண்ணுவதை நிறுத்தினார். பிறகு கட்டிலைப் பிடித்து எழுந்தார். எழுந்தவர் முகம் வெளுத்து அப்படியே சாய, ஜெயராஜ் தாங்கிக் கட்டிலில் உட்காரவைத்தான். பிரமிளா தண்ணீர் கொண்டுவந்தாள்.

"பிரஷர் மாத்திரைதான்," என்றார் அவர், கேட்காமலே. "போட்டால் தலை சுத்துது. போடாட்டிலும் சுத்துது. சுத்துறதுதான் எண்டால் மருந்தில்லாமலே சுத்தட்டும் எண்டு விட்டிட்டன்."

"டாக்டர்கிட்ட சொன்னா மாத்திக் கொடுப்பாரே."

"சொன்னால் மகன் லீவு எடுப்பான். மருமகள் ரஜிதா அழுவா. என்னாலை வீட்டில எல்லாம் நிண்டுபோகும்." தம்ளரைக் கீழே வைத்தார். "போன கிழமை அவ குப்பைப் பெட்டியைத் திறக்கப் பாத்தா. அதுதான் மெசினைக் கொண்டுபோய்க் குடுத்தனான். ரிப்பேருக்குப் போயிருக்கு எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்."

பிரமிளா அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். "நான் உங்க வீட்டுக்குச் சொல்லமாட்டேன் ஐயா. எனக்கு அந்த உரிமை இல்ல. ஆனா நீங்க சொல்லாம இந்த வீட்ட விட்டுப் போக விடமாட்டேன்."

"இது மிரட்டல்."

"ஆமா ஐயா."

அவர் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அழைத்தார். "ரஜிதா, நான் ஜெலுத்தோங்கில நிக்கிறன். ஒரு வீட்டில... இல்லை, எனக்கு இந்த ஆக்களைத் தெரியாது. இவைக்கு என்னைத் தெரியும்."

அரைமணியில் ரஜிதா ஈரத்தலையோடு வந்தாள். அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, அலுவலக அறிக்கை வாசிப்பதுபோல் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். அவள் அழவில்லை. எத்தனை நாளாக என்று மட்டும் கேட்டாள். இரண்டு மாதம் என்றார். அவள் கிளினிக்குக்குப் போன் செய்து, நான்கு மணிக்கு வரலாமா என்று கேட்டாள்.

புறப்படுவதற்கு முன் பிரமிளா எல்லோர் முன்னிலையிலும் டேப்லெட்டில் இருந்த படங்களை அழித்தாள். விநாசித்தம்பி தன் கைப்பேசியை ஜெயராஜிடம் கொடுத்தார். அவன் எண்பத்துநான்கையும் அழித்தான்.

ஜெயராஜ் அவருக்குச் சப்பாத்து மாட்டிவிட்டுக்கொண்டிருந்தபோது, ரஜிதா பிரமிளாவைச் சமையலறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

"நீங்கள் எல்லாப் படமும் பாத்தனீங்களோ?"

"பாத்துட்டேன் அக்கா. மன்னிச்சிடுங்க."

"அதுக்கில்லை..." ரஜிதா குரலைத் தாழ்த்தினாள். "எங்கட ஃபிரிட்ஜுக்குக் கீழ... எப்பிடிக் கிடக்குது?"

முளைவிட்ட இரண்டு வெங்காயம், ஒரு மீன் தலை, தூசியில் புதைந்த ஒரு தீபாவளி வாழ்த்து அட்டை.

"சுத்தமா இருக்கு அக்கா," என்றாள் பிரமிளா.

ரஜிதாவின் முகம் தெளிந்தது. மாமனாரைக் கைத்தாங்கலாக லிஃப்டுக்கு அழைத்துப் போனாள்.

டாக்டர் வேறு மாத்திரை எழுதிக் கொடுத்ததாகவும், அதைப் போட்டால் கால் வீங்குகிறது என்று இரண்டாம் நாளே மாமா வாய்விட்டுச் சொல்லிவிட்டதாகவும், டாக்டர் அளவைக் குறைத்திருப்பதாகவும் புதன்கிழமை ரஜிதாவிடமிருந்து செய்தி வந்தது. ஜெயராஜிடம் பிரமிளா அதைக் காட்டவில்லை. தூண்டில் விஷயத்துக்குப் பிறகு அவனும் அவளும் இன்னும் பேசிக்கொள்ளவில்லை.