நாற்பதாவது கோடு

மேற்கே சாய்ந்த ஞாயிற்றைக் கருமுகில் முழுவதுமாய் விழுங்கிவிட, பகலென்றும் இரவென்றும் சொல்ல முடியாத ஒரு மங்கல் அந்நகரின்மீது கவிந்திருந்தது. அடுக்குமாடிச் சாளரங்கள் வேளைக்கு முன்பே விளக்கேற்றிக்கொண்டன. சாலையில் ஊர்திகள் ஒன்றையொன்று முட்டாத குறையாய் ஊர்ந்தன. குடைகொண்டு வர மறந்தோர் கடையோரங்களில் ஒண்டி வானத்தை வைதுகொண்டிருந்தனர். நற்றமிழ் நயமறிந்த நண்பரே, அவர்களை அங்கேயே விட்டுவிட்டு மூன்றாம் மாடியின் மூலைவீட்டுக்குள் வாரும். அங்கே இல்லத்தரசி ஒருத்தி வாயிலைப் பார்ப்பதும் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதுமாய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

பதினெட்டு ஆண்டுகளாய் அவ்வீட்டைத் தாங்கியவள் அவள். துலக்கிய கலம் மறுபடி அழுக்காவதும், மடித்த துணி மறுபடி கசங்குவதும், கூட்டிய தரையில் யாரோ மறுபடி செருப்போடு நடப்பதுமாய் நாள்கள் கழிந்தனவேயன்றி, இல்வாழ்வில் இன்பமென்று பெரியோர் பேசும் ஒன்றை அவள் கண்ணால் கண்டதில்லை. வழிபாட்டு மன்றத்தில் மூத்த பெண்மணி ஒருவர் அவளுக்கு ஒரு வழி சொன்னார்: வீட்டார் அனைவரும் நாற்பது மாலைகள், ஏழு மணிக்கு ஒருங்கே அமர்ந்து இறைவனை வேண்டினால், மகிழ்ச்சி அவ்வீட்டில் குடியேறும், ஒருவர் ஒருநாள் தவறினாலும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். அன்றுமுதல் அவள் பிடித்த பிடியை விடவில்லை. நாள்தோறும் நண்பகலுக்குப்பின் பச்சைத் தண்ணீரும் பருகாமல் காத்திருந்து, வழிபாடு முடிந்ததும் அலமாரியின் பக்கவாட்டில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இழுப்பாள்.

முதன்முறை பதினேழாம் கோட்டோடு அறுந்தது. பூங்காவுக்கு நடக்கப்போன மாமனார் பழைய நண்பரோடு பேச்சில் ஆழ்ந்துவிட்டார். இரண்டாம் முறை இருபத்தாறில் அறுந்தது. மின்தூக்கி பழுதுபார்க்கும் கணவன், நடுவழியில் நின்றுபோன தூக்கிக்குள் அகப்பட்ட எழுவரை மீட்டு வரும்போது மணி எட்டு. எழுவரையும் இறைவன் காத்தான் என்று மகிழ வேண்டியவள், அவர்கள் வேறொரு நாள் அகப்பட்டிருக்கக் கூடாதா என்று எண்ணி, எண்ணியதற்காகவே அழுதாள். மூன்றாம் முறை அவள் சூழ்ச்சி செய்தாள். ஒருவருக்கும் தெரியாமல் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னே தள்ளி வைத்தாள். தன் கைப்பேசியையும் கவனம் கலையாதிருக்க அலமாரிக்குள் பூட்டிவிட்டாள். வழிபாடோ வரவர வருகைப்பதிவாய் மாறிற்று; கண்மூடி அமர்ந்த வேளையிலும் ஒரு கண் திறந்து தலையெண்ணினாள்.

இன்று நாற்பதாம் மாலை. காலையில் கணவன், மகள், மாமனார் மூவரும் என்றுமில்லாத் திருநாளாய்க் கடிகாரத்தைப் பார்த்துப் பதறிப் பறந்து போனது அவளுக்கே வியப்பாய் இருந்தது. இப்போதோ ஒருவரையும் காணோம். முள் ஏழைத் தாண்டியது. தான் கூட்டிய பத்தைக் கழித்துக்கொண்டு பொறுத்தாள். ஏழேகால் ஆயிற்று. ஏழரையும் ஆயிற்று. அவள் நெஞ்சில் அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கிவிட்டது.

“உனக்கு நான் என்னதான் குறை வெச்சேன்? வீட்டுல இருக்கிறவங்களைக் கூட்டி உக்கார வைக்கக்கூட உன்னால முடியலையா?” என்று வழிபாட்டு விளக்கைப் பார்த்தே இறைவனைக் கேட்டாள். ஈரத்துணியை எடுத்து முப்பத்தொன்பது கோடுகளையும் ஒன்றுவிடாமல் அழுத்தித் துடைத்தாள். பிறகு அடுப்படிக்குப் போய், தேநீர் கலந்து, நின்றவாறே குடித்தாள். அது மிகச் சுவையாய் இருந்தது; அதனால் இன்னும் ஆத்திரம் வந்தது.

கோப்பையைக் கீழே வைக்குமுன் கதவு தட்டப்பட்டது. நனைந்த தலையோடு கணவனும், மூச்சிரைக்க மகளும், அவள் தோளைப் பற்றியபடி மாமனாரும் ஒருங்கே உள்ளே வந்தனர்.

“பாத்தியா, இன்னைக்கு எல்லாருமே முன்கூட்டியே வந்துட்டோம்!” என்றான் கணவன், பெருமையோடு. அவன் கைக்கடிகாரத்தில் மணி ஏழாகப் பத்து நிமிடம் இருந்தது. சுவரில் ஏழு முப்பத்தைந்து.

அவள் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தாள். “நான் பத்து நிமிஷம்தானே தள்ளி வெச்சேன்!” என்ற சொல் அவளை மீறி வெளிப்பட்டது.

“நீயுமா?” என்று கணவன் தலையைச் சொறிந்தான். “அப்பா நடந்துட்டு நேரத்தோட திரும்பணுமேன்னு காலையில நான் ஒரு பதினஞ்சு தள்ளினேன்.”

“அப்பா சீக்கிரம் வேலைக்குக் கிளம்பினாத்தானே சீக்கிரம் வருவாருன்னு நான் ஒரு பத்து...” என்றாள் மகள்.

மாமனார் செருமினார். “இதுங்க ரெண்டும் என்னைக்கும்மா சொன்ன நேரத்துக்கு வந்திருக்குதுங்க? அதான் நானும் ஒரு பத்து.”

நால்வரும் அடுத்தவரைத் திருத்தவே முள்ளைத் தொட்டனர். தன்னைத் திருத்தத் தொட்டவர் ஒருவருமில்லை. அப்போதுதான் மகளின் பார்வை வெறிச்சென்றிருந்த அலமாரியின்மேல் விழுந்தது. “அம்மா, கோடெல்லாம் எங்க?”

“நான்தான் அழிச்சேன். தேத்தண்ணியும் குடிச்சிட்டேன்,” என்றாள் அவள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “கடைசி நாள்ல கெடுத்தது நீங்க யாருமில்ல. நான்தான்.”

கணவன் சட்டையைக்கூட மாற்றாமல் ஈரத்தோடு வந்து தன்னிடத்தில் அமர்ந்தான். மகள் அவனருகில் அமர்ந்தாள். மாமனார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்து, “நேரமாகுது, வாம்மா,” என்றார். அவள் அழைக்காமல் அவர்கள் அமர்ந்தது அதுவே முதன்முறை. அவளும் அமர்ந்து கண்மூடினாள், தலையெண்ணத் தோன்றவில்லை. வேண்டத் தொடங்கியபோது மாமனாரின் வயிறு இடிபோல் உறும, மகள் சிரிப்பை அடக்கமாட்டாமல் குலுங்க, கணவனும் வெடித்துவிட, கன்னத்தில் நீர் காயாத அவளும் சிரித்தாள். அவ்வீட்டு விளக்கின்முன் அப்படியொரு ஒலி அதற்குமுன் எழுந்ததில்லை.

எழுந்ததும் சுண்ணக்கட்டியை எடுத்து, ஈரம் உலராத அலமாரிப் பலகையில் அவள் ஒரு கோடு இழுத்தாள்.

“இது நாப்பதா, ஒண்ணா?” என்று கணவன் அச்சத்தோடு கேட்டான்.

“ஒண்ணு,” என்றாள் அவள். மூவரும் பெருமூச்செறிந்தனர்.

நண்பரே, தவம் கிடந்தவள் தன் கையாலேயே அதைக் கெடுத்துக்கொண்ட அவ்வேளையில்தான், அவள் வேண்டியது சொல்லாமல் கொள்ளாமல் வந்து அவளருகே அமர்ந்தது. அது எத்தனை மணிக்கு வந்தது என்று மட்டும் அவ்வீட்டில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை.