அம்மன் தேரின் பின்வடம்

கைக்குள் தேங்காய் நார் குறுகுறுக்கிறது, வடத்தின் இந்த இடம் அவளுக்குப் புதுசு, நார் சிலும்பிக்கொண்டு நிற்கிறது, உலகம்மை அதைத் தடவியபடியே நடக்கிறாள், நடக்கிறாள் என்றுகூடச் சொல்ல முடியாது, முதுகுக்குப் பின்னால் அம்மன் தேரின் சக்கரம் கறமுறவென்று உருண்டு வருகிற பயத்தில் கால்கள் தாமாகவே போகின்றன, முன்னால் மேலரத வீதி முழுக்கப் பெண்கள், பட்டும் மல்லிகையும் வியர்வையுமாய், அந்தக் கூட்டத்தின் கோடியில் எங்கோ வடத்தின் தலைமுடிச்சு இருக்கிறது, அது வழவழவென்றிருக்கும், அவளுக்குத் தெரியாதா என்ன, கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த வருஷம் தொடங்கி அந்த முடிச்சைப் பிடித்திழுத்து வழவழப்பாக்கிய கைகளில் அவள் கையும் ஒன்று, இன்றைக்கு அந்தக் கை வடத்தின் வாலில் இருக்கிறது.

இந்த ஊரில் சுவாமி தேர் ஆம்பளைகளுக்கு, அம்மன் தேர் பொம்பளைகளுக்கு, அம்மன் வடத்தில் ஆண் கை படக்கூடாது, பட்டால் தேரை நிறுத்திப் பரிகாரம் செய்துவிட்டுத்தான் மேலே நகர்த்துவார்கள், தேர்த்தட்டில் நின்று விசில் ஊதித் துண்டை வீசுகிற அருணாசலம் அண்ணாச்சியும், சக்கரத்துக்குக் கட்டை போடுகிற நாலு பேரும்தான் ஆண்கள், மற்றவர்களெல்லாம் ஓரமாய் நின்று நீர்மோர் குடிக்க வேண்டியதுதான், வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், இந்த ஊர் பெண்கள் கையில் இருக்கிறது, அதில் உலகம்மைக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை, பிறந்த ஊர்க்காரர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அவர்கள் காது புளித்துப் போனது. ஆனால் அந்த ஒரு நாளுக்குள்ளும் மேல் படி கீழ் படி வைத்திருக்கிறார்கள் பாருங்கள், வடத்தின் தலைப்பக்கம் தாலி உள்ளவர்களுக்கு, நடுவில் கல்யாணமாகாத பிள்ளைகள், வால்பக்கம், அதாவது தேருக்குப் பக்கத்தில், தாலி இழந்தவர்கள். அம்மனுக்குக் கிட்டே நிற்கிற பாக்கியம் என்று அதற்கு ஒரு விளக்கமும் உண்டு, சக்கரத்துக்கும் கிட்டே என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை, சரித்திரத்தில் எந்த ஊரில்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று அவள் தனக்குள் சிரித்துக்கொள்கிறாள், பெண்கள் பள்ளிக்கூடத்தில் சரித்திர டீச்சர் அவள், உலகம்மை டீச்சருக்கு உலகமே அத்துப்படி என்று பிள்ளைகள் கேலி செய்யும்.

புருஷன் குத்தாலிங்கம் கண்ணை மூடிய பிறகு இரண்டு தேருக்கு அவள் வரவில்லை, வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு குலவைச் சத்தம் தெருவைக் கடந்து போகிறவரை மிக்ஸியை ஓடவிட்டுக்கொண்டிருந்தாள், இந்த வருஷம் மனசு கேட்கவில்லை, போய்த்தான் பார்ப்போமே என்று கிளம்பினாள், அதற்கும் முந்தின நாளே மதினி வந்து உட்கார்ந்துவிட்டாள், குத்தாலிங்கத்தின் அக்காள் சிவகாமி, தலைமுடிச்சுக்கு இப்போது அவள்தான் அதிகாரி, காப்பியை ஆற்றி ஆற்றிக் குடித்து, டம்ளரின் அடியையே பார்த்துக்கொண்டு, ஏட்டி, தேருக்கு வராம இருக்காத, ஆனா வால்பக்கமா நின்னுக்கோ, நான் ஒண்ணும் நெனைக்கல, ஊரு வாய்க்குத்தான் பயம் என்றாள், உலகம்மை சரி மதினி என்றாள், அவ்வளவுதான் பேச்சு. ராத்திரி படுத்தால் கண்ணுக்குள் நின்றது அம்மன் இல்லை, அந்த முடிச்சுதான், அது என்னுடையது, எனக்கு அது வேண்டும், அவர் போனதற்கு என் கை என்ன செய்தது என்று வீம்பு பிடித்த பிள்ளைபோல மனசு கேட்டுக்கொண்டே இருந்தது, இப்போதும் கேட்கிறது.

தேர் நகர்கிறது, வெயில் ஏறுகிறது, முன்னால் போகிற பிள்ளைகளின் பின்னல்களில் ரிப்பன் ஆடுகிறது, எட்டாம் வகுப்பு ரிப்பன்களா இவை, அவர் இருந்தபோது ஒரு நாள் வகுப்பில் முப்பிடாதி எழுந்து நிற்கிறாள், டீச்சர், எந்த ஊர்ல எந்தக் காலத்துல பொம்பளையாப் பொறந்திருந்தா நல்லா இருந்திருக்கும், நல்ல கேள்விதான், பாடத்தை மூடி வைத்துவிட்டு உலகம்மை மேசைமேல் சாய்ந்துகொள்கிறாள், பழைய எகிப்துக்குப் போகிறீர்களா, அங்கே பெண் தன் பேரில் நிலம் வாங்கலாம், விற்கலாம், வழக்குப் போடலாம், புருஷன் ஒத்துவராவிட்டால் தன் சொத்தோடு கிளம்பி வந்துவிடலாம், பிள்ளைகள் பாதிப் பேர் எகிப்துக்கு மூட்டை கட்டிவிட்டார்கள், ஏதென்ஸ் வேண்டாம், ஊரே ஜனநாயகம் பேசியது, ஆனால் நல்ல குடும்பத்துப் பெண்ணின் பேரைச் சபையில் சொல்வதே மரியாதைக் குறைவு, ஐயோ வேண்டாம் டீச்சர், பக்கத்தில் ஸ்பார்ட்டா இருக்கிறது, அங்கே பெண்பிள்ளைகள் ஓட்டப்பந்தயம் ஓடினார்கள், சொந்த நிலம் வைத்திருந்தார்கள், ஓட்டத்தில் முதலாக வருகிறவள் உடனே ஸ்பார்ட்டா என்று கை தூக்குகிறாள், சீனத்தில் கால்விரல்களை மடக்கிக் கட்டி நடக்கவிடாமல் வைத்த கதையைச் சொன்னதும் வகுப்பே பெஞ்சுக்கடியில் கால்களை இழுத்துக்கொள்கிறது, வட அமெரிக்காவில் இரோக்வா மக்களிடம் குலத்தாய்மார்கள்தான் தலைவனைத் தேர்ந்தெடுப்பார்கள், அவன் சரியில்லையென்றால் அவன் தலைவன் என்பதற்கு அடையாளமான மான்கொம்பைக் கழற்றிவிடுவார்கள், முப்பிடாதிக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று, எங்க தெருவுல ரெண்டு பேருக்குக் கழட்டணும் டீச்சர் என்கிறாள், வகுப்பு உருண்டு சிரிக்கிறது, தலைமையாசிரியை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்.

அந்தக் கதையைச் சொன்னபோது குத்தாலிங்கமும் அப்படித்தான் சிரித்தார், தேரன்று சாயங்காலம் அது, சிவந்து போன அவள் உள்ளங்கையில் தேங்காயெண்ணெய் தடவிவிட்டுக்கொண்டிருந்தார், வருஷா வருஷம் தேரன்று அது அவர் வேலை, வீட்டுச் சமையலும் அன்றைக்கு அவர்தான், உப்புமாவில் உப்பு இருக்காது, நீ எந்த ஊருக்குப் போகப்போற என்று கேட்டார், சோழ நாட்டுக்கு என்றாள், கோயிலுக்கு நெய்க்காக ஆடு கொடுத்து அணையா விளக்கு ஏற்றித் தன் பேரைக் கல்லிலே ஒருத்தி வெட்டி வைத்தாளே, அந்தப் பொம்பளைக்குப் பக்கத்து வீட்டில் குடியிருப்பேன் என்றாள், அப்ப எனக்கு என்று கேட்டார், நீங்கள் ஆடு மேய்த்துக்கொண்டிருங்கள் என்றாள், மேய்க்கிறேன் என்று சொல்லிவிட்டு விரல் விரலாக எண்ணெய் தடவினார், இந்த உள்ளங்கைதான், இதே ரேகைதான், இதில் இப்போது நார் குத்துகிறது, பக்கத்தில் நடக்கிறவள் யார், ஆட்டுக்குட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அதற்கப்பால் தலையில் மான்கொம்பைத் தூக்கிக்கொண்டு ஒரு கிழவி, அவளையும் முந்திக்கொண்டு மூச்சிரைக்காமல் ஓடுகிற ஸ்பார்ட்டாக்காரி, ஏதென்ஸ்காரி ஒருத்தி முக்காட்டை இறக்கிவிட்டு வாய் நிறையத் தன் பேரைச் சொல்கிறாள், எல்லாருக்கும் வடத்தில் இடம் இருக்கிறது, தாலி இருக்கிறதா என்று அவர்களை யார் கேட்பது, விசில் ஊதுகிறது, அந்த விசில் கனவுக்குள் ஊதுகிறதென்று நினைத்தாள், இல்லை, அருணாசலம் அண்ணாச்சி தேர்த்தட்டில் நின்று கன்னம் வெடிக்க ஊதிக்கொண்டிருக்கிறார், துண்டை இரண்டு கையாலும் வீசுகிறார், நில்லுங்க, நில்லுங்கம்மா, யாருக்குக் காது கேட்கிறது, குலவை மழையாகக் கொட்டுகிறது.

நடந்தது இதுதான். மேலரத வீதி முடிகிற மூலையில் தேர் வலப்புறம் திரும்பி வடக்கு ரத வீதிக்குள் போக வேண்டும், நேரே போனால் அரிசி மில் சுவரில் முட்டி நிற்கிற ஒரு சந்துதான் இருக்கிறது, அந்த மூலையில் வருஷா வருஷம் ஆவுடையம்மாள் பானகப் பானை வைப்பாள், சுக்கும் ஏலக்காயும் போட்டு, வடத்தின் தலையில் வருகிறவர்களுக்குத்தான் முதல் தம்ளர், அந்தப் பானகத்தை நினைத்துத்தான் மேலரத வீதியில் தேர் அப்படிப் பறக்கும், ஊருக்கே தெரிந்த ரகசியம், இந்த வருஷம் வெயில் பொறுக்கவில்லையென்று அந்தப் புண்ணியவதி பானையைச் சந்துக்குள் வேப்ப மர நிழலுக்கு மாற்றி வைத்திருக்கிறாள், சிவகாமி பானையைப் பார்த்தாள், மூலையைப் பார்க்கவில்லை, தலை போன வழியில் வடம் போயிற்று, வடம் போன வழியில் அம்மன் போனாள், வாலில் வந்தவர்களும் பாதிப் பிள்ளைகளும் வடத்தை விட்டு வீதியோரம் துள்ளி ஒதுங்கினார்கள், கட்டை போடுகிறவர்கள் சுதாரித்துப் போடுவதற்குள் தேரின் மூக்கு சந்து வாயில் போய்ச் செருகிக்கொண்டது. சந்துக்குள்ளே ஊரின் சுமங்கலிகள் அத்தனை பேரும், வெளியே வர வழியில்லாமல், கையில் பானகத் தம்ளரோடு.

நடுவில் நின்ற பிள்ளைகளில் ஒன்று களுக்கென்று சிரித்தது, அவ்வளவுதான், சந்துக்குள்ளிருந்தும் வெளியிலிருந்தும் ஒரே சிரிப்பு, அண்ணாச்சிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, தேரைப் பின்னுக்கு இழுத்தால்தான் திருப்ப முடியும், அதற்கென்று தேரின் பின்பக்கம் ஒரு வடம் சுருட்டித் தொங்குகிறது, பின்வடம், யாரும் எடுத்து நினைவில்லை, ஓரத்தில் நின்ற ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாங்க வரட்டுமா என்கிறார்கள், கை படக்கூடாதே, அண்ணாச்சி தலையைச் சொறிகிறார், கீழே குனிந்து பார்க்கிறார், அங்கே நிற்பது வாலில் வந்தவர்கள், வெறுங்கழுத்துக்காரர்கள், அவர்களோடு பாதிப் பிள்ளைகள். பின்வடத்தைப் பொம்பளையாளுக பிடிக்கலாம், ஆனா வடத்துத் தலையில மொதக் கை தாலி உள்ள கையால்லா இருக்கணும், எல்லாரும் உள்ளல்லா மாட்டிக்கிட்டாவ என்று முனகினார். வெயிலில் அம்மன் முகத்தில் சந்தனம் உருகிக்கொண்டிருந்தது, உலகம்மை நிமிர்ந்து அதைப் பார்த்தாள், உள்ளுக்குள் ஏதோ அவிழ்ந்தது, கோபம்கூட இல்லை, குதூகலம், வகுப்பில் சரியான பதிலைக் கண்டுபிடித்த பிள்ளைக்கு வருமே, அது.

அண்ணாச்சி, ஆம்பள கையும் ஆகாது, எங்க கையும் ஆகாதுன்னா அம்மன் சந்துக்குள்ளயே குடியிருக்கட்டுமா, என்று கேட்டாள், கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கவில்லை, பின்பக்கம் போனாள், சுருளை இழுத்தாள், தூசி பறந்தது, வடத்தை இழுத்துக்கொண்டே வீதியில் நடந்து அதன் முனைக்கு வந்தாள், யாரும் தொட்டுத் தேயாத முடிச்சு ஒன்று அங்கே இருந்தது, அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால், வால்காரர்கள் அத்தனை பேரும் வரிசையாக வந்து பிடித்துவிட்டார்கள், வாழ்க்கையில் தலைப்பக்கம் போயிராதவர்கள், சிறுவயதிலேயே தாலி இழந்து நாற்பது தேர் பார்த்த கிழவிகள், முந்தானையைச் செருகிக்கொண்டு, பல்லில்லாத வாயால் ஒருத்தி குலவை போட்டாள், ஆட்டுக்குட்டிக்காரியும் மான்கொம்புக் கிழவியும்கூட அந்த வரிசையில் நின்றார்கள், அது உலகம்மைக்கு மட்டும் தெரியும். அண்ணாச்சி வேறென்ன செய்வார், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மனை ஒருமுறை பார்த்தார், பிறகு விசிலை எடுத்து ஊதினார். சந்துக்குள்ளிருந்து சுமங்கலிகள் தேரின் முன்கட்டையில் கை வைத்துத் தள்ளினார்கள், வெளியிலிருந்து இவர்கள் இழுத்தார்கள், சக்கரம் ஒரு முனகல் முனகியது, அசைந்தது, பின்னோக்கி உருண்டது, ஊரே கத்தியது, உலகம்மையும் கத்தினாள், இரண்டு வருஷமாகத் தொண்டைக்குள் கிடந்ததெல்லாம் ஒரே குலவையாக வெளியே வந்தது.

தேர் மூலைக்கு வந்து நின்றது, கட்டைகள் விழுந்தன, சந்துக்குள்ளிருந்து முன்வடத்தை இழுத்துக்கொண்டு ஒவ்வொருத்தியாக வெளியே வந்தார்கள், தலைமுடிச்சைப் பிடித்துக்கொண்டு கடைசியாகச் சிவகாமி, மூக்குத்தி வரை வியர்வை, முகத்தில் அசடு, வடக்கு ரத வீதியின் வாயில் வந்து நின்றாள், உலகம்மை வாலுக்குப் போவதற்காகத் தேர்ப்பக்கம் நடந்தாள், பழக்கம், கால்கள் தாமாகவே போயின. ஏட்டி, எங்க போற, என்று மதினியின் குரல். நின்றாள். சிவகாமி அவளைப் பார்க்காமல் அம்மனைப் பார்த்துக்கொண்டு, இங்க வந்து இதப் பிடி, என் கையெல்லாம் பானகமா இருக்கு, வழுக்குது என்றாள். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது, பார்க்கட்டும், உலகம்மை வந்து முடிச்சில் கை வைத்தாள், மதினியின் கை அதைவிட்டு நகரவில்லை, பக்கத்தில்தான் இருந்தது, வழுக்கவும் இல்லை, பிசுபிசுவென்று ஒட்டியது, விசில் ஊதியது, வடம் இறுகியது, உள்ளங்கைக்குள் தேங்காய் நார் குறுகுறுக்கவில்லை, வழவழவென்று இருக்கிறது, வெல்லமும் சுக்கும் மணக்க, பின்னால் வால்காரர்கள் அவளோடு வந்து தலைப்பக்கத்திலேயே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள், யாரும் யாரையும் தள்ளவில்லை, முன்னால் வடக்கு ரத வீதி காலியாகக் கிடக்கிறது, அவள் இழுக்கிறாள்.